மாடில ரெண்டாவது ரவுட்டர் வச்சதுல இருந்து கீழ இருக்கற பிரிண்டரைக் காணோம், இந்த வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொல்லுங்களேன்

டியூஷன்_செல்வி (கரூர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

எங்க வீட்டுல ஃபைபர் கனெக்ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான். நெட் கம்பெனில குடுத்த வெள்ளை பாக்ஸ் கீழ ஹால்ல டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு. போன வருஷம் மாடில ஒரு ரூம் எடுத்தோம், அங்கதான் பத்தாவது பசங்களுக்கு நான் மேத்ஸ் டியூஷன் எடுக்கறேன். கான்கிரீட் தளம்ங்கறதால சிக்னல் மேல ஏறவே இல்ல, ஒரே ஒரு கோடு காட்டும், பசங்களுக்கு ஒரு வீடியோ போட்டா பாதில நின்னு சுத்திக்கிட்டே இருக்கும். அதனால கடைல ஒரு ரவுட்டர் வாங்கி, எலக்ட்ரீஷியன் தம்பியை வச்சு படிக்கட்டு ஓரமா 15 மீட்டர் கேபிள் இழுத்து, வெள்ளை பாக்ஸ்ல இருந்து மாடி ரவுட்டரோட நீல கலர் போர்ட்ல சொருகிட்டோம். டப்பால இருந்த பேப்பர்ல அப்படித்தான் படம் போட்டிருந்துச்சு.

இப்ப மாடில நெட் நல்லா வருது, அதுல குறையே இல்ல. ஆனா கீழ ஹால்ல இருக்கற வைஃபை பிரிண்டர் மாடி லேப்டாப்புல தெரியவே மாட்டேங்குது. அதே லேப்டாப்பைக் கீழ எடுத்துட்டு வந்து கீழ இருக்கற வைஃபைல போட்டா உடனே பிரிண்டர் வந்துடுது. ஒவ்வொரு டெஸ்ட் பேப்பருக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு படி இறங்கிட்டு இருக்கேன். கஸ்டமர் கேர்ல கேட்டா, "டபுள் நாட் ஆகுது மேடம், ரெண்டாவது ரவுட்டரை ஏபி மோட்ல போடுங்க, இல்லன்னா டிஎச்சிபிய ஆஃப் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. நாட்னா என்ன, டிஎச்சிபினா என்ன, கேட்வே டிஎன்எஸ்ங்கறாங்களே அதெல்லாம் என்ன, எனக்கு ஒண்ணும் தெரியல. நானே செஞ்சுக்குவேன், அதுல பயமில்ல, ஆனா அர்த்தம் தெரியாம எதையும் மாத்த எனக்கு மனசு வரல.

லேப்டாப்புல பாத்தப்ப ஐபின்னு 192.168.0.103ன்னு இருக்கு. பிரிண்டர்ல ஒரு ஷீட் எடுத்தேன், அதுல 192.168.1.7ன்னு இருக்கு. இதுக்கும் பிரச்சனைக்கும் சம்பந்தம் உண்டா?

இன்னொண்ணு, வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை பாக்கறார், வாசல் கேமராவை அங்க இருந்து பாக்கணும்னா ஸ்டாடிக் ஐபி வாங்கணும்னு ஒருத்தர் சொன்னார். வாங்கணுமா?

சேலம்_பாபு

சிஸ்டர் சிம்பிள். நீல போர்ட்ல இருக்கற வயரை எடுத்து மஞ்சள் போர்ட்ல சொருகுங்க, முடிஞ்சுது. எங்க வீட்லயும் அப்படித்தான் போட்டிருக்கேன்.

கேபிள்_மணி (ஈரோடு)

டீச்சர், பாபு தம்பி சொன்னதை இப்பவே செஞ்சுடாதீங்க, அதுல ஒரு வேலை விட்டுப்போச்சு, அதைச் செய்யாம வயரை மட்டும் மாத்தினா இப்ப ஓடற நெட்டும் நிக்கும். ஏன்னு சொல்றனுங்க. ஈரோடு, திருப்பூர் பக்கம் மில்லு ஆபீசுகளுக்கெல்லாம் கேபிள் இழுக்கற வேலைதான் 18 வருசமா பாக்கறேன், இந்த ஒரே தப்பை நூறு எடத்துலயாவது பாத்திருப்பேன்.

மொதல்ல உங்க வெள்ளை பாக்ஸைப் பாருங்க. அதுக்கு ஓஎன்டின்னு பேரு, சிலர் ஓஎன்யும்பாங்க, பழக்கத்துல மோடம்னும் சொல்லுவாங்க. பின்னாடி மெல்லிசா மஞ்சக் கலர்ல ஒரு வயர் போகும், முனைல பச்சை கேப் இருக்கும், அதுதான் ஃபைபர். உள்ள முடி மாதிரி கண்ணாடி இழை, அதுல கரண்ட் இல்ல, வெளிச்சம் போகுது. அதை மடக்கி டேப் போட்டு ஒட்டறது, டிவி ஸ்டாண்டுக்கு அடில நசுக்கறது எல்லாம் வேண்டாம். பாக்ஸ் முன்னாடி பான்னு ஒரு லைட் பச்சையா நிலையா எரியணும், லாஸ்னு ஒரு லைட் எரியவே கூடாது. லாஸ் சிவப்பா மினுக்கிச்சுன்னா வெளில இருந்து வெளிச்சம் வரல, ஃபைபர் எங்கயோ அந்துருச்சு இல்ல மடங்கிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு நீங்க வீட்டுக்குள்ள என்ன ரீஸ்டார்ட் பண்ணாலும் சரியாகாது, கம்பெனிக்கு ஃபோன்தான்.

இப்ப முக்கியமான விசயம். அந்த ஒரு பாக்ஸுக்குள்ள நாலஞ்சு வேலைக்காரங்க உக்காந்திருக்காங்க, இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லா வார்த்தையும் தானா புரிஞ்சுரும். ஒருத்தர் வெளிச்சத்தை சிக்னலா மாத்தறவர். ஒருத்தர் வீட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல நின்னு எது எங்க போகணும்னு அனுப்பறவர், அவர்தான் ரவுட்டர். பின்னாடி நாலு மஞ்சள் ஓட்டை இருக்கே, அது ஸ்விட்ச், வீட்டுக்குள்ள இருக்கற சாமானுங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து விடறவர். காத்துல வைஃபை விடறவர் ஆக்சஸ் பாயிண்ட், சுருக்கமா ஏபி. அப்புறம் நம்பர் குடுக்கறவர் டிஎச்சிபி. கடைல ரவுட்டர்னு வாங்கினீங்கல்ல, அதுக்குள்ளயும் மொத ஆளைத் தவிர இவங்க அத்தனை பேரும் இருக்காங்க. ஆக உங்க வீட்ல இப்ப ஒரே வேலைக்கு ரெண்டு ரெண்டு ஆள். கோளாறு இங்கதானுங்க.

நீங்க டீச்சர்ங்கறதால பள்ளிக்கூடத்தை வச்சே சொல்றேன். கிளாஸ்ல ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ரோல் நம்பர் இருக்கும், அதுதான் ஐபி அட்ரஸ். வருசம் மாறினா ரோல் நம்பர் மாறும், அதே மாதிரி இன்னைக்கு உங்க லேப்டாப்புக்கு இருக்கற ஐபி நாளைக்கே மாறலாம். ஆனா எமிஸ் நம்பர்னு ஒண்ணு குடுத்தாங்கல்ல, எந்த ஸ்கூலுக்குப் போனாலும் அது மாறாது, அது மாதிரி ஒவ்வொரு சாமானுக்கும் கம்பெனிலயே குடுத்த நம்பர் ஒண்ணு உண்டு, அதுதான் மேக் அட்ரஸ். ரெண்டு ரெண்டா பன்னெண்டு எழுத்தும் நம்பரும் கலந்து இருக்கும், பிரிண்டருக்கு அடில ஸ்டிக்கர்ல பாருங்க.

ரோல் நம்பர் யார் குடுக்கறது? மொத நாள் கிளாஸ் டீச்சர் கூப்பிட்டு சீட்டு குடுப்பாங்கல்ல, அதுதான் டிஎச்சிபி. புதுசா ஒரு ஃபோன் வைஃபைல சேர்ந்த உடனே "எனக்கொரு நம்பர் குடுங்க"ன்னு கேக்கும், இவர் ஒரு சீட்டு குடுப்பார். அந்த சீட்டுல நாலு விசயம் இருக்கும். உன் நம்பர் இது, அதாவது ஐபி. உன் கிளாஸ் எதுவரைக்கும்னு சொல்றது சப்நெட் மாஸ்க், வீடுகள்ல பெரும்பாலும் 255.255.255.0 தான், அப்படின்னா முதல் மூணு நம்பர் ஒண்ணா இருக்கறவங்க எல்லாம் ஒரே கிளாஸ்னு எடுத்துக்குங்க. கிளாஸை விட்டு வெளில எதாவது அனுப்பணும்னா இந்த வாசலுக்கு வா, அது கேட்வே, வீட்ல அது ரவுட்டரோட நம்பரே தான். யாரோட பேராவது தெரிஞ்சு நம்பர் தெரியலன்னா இவரைக் கேளு, அது டிஎன்எஸ். நாம அடிக்கறது பேரு, கம்ப்யூட்டருக்கு வேண்டியது நம்பர், பேரைச் சொன்னா நம்பரைச் சொல்ற ஆள்தான் டிஎன்எஸ்.

இப்ப உங்க ரெண்டு நம்பரையும் பாருங்க. லேப்டாப் 192.168.0ல ஆரம்பிக்குது, பிரிண்டர் 192.168.1ல ஆரம்பிக்குது. வேற வேற கிளாஸ். மாடி ரவுட்டர் தனியா ஒரு கிளாஸ் ஆரம்பிச்சு தனியா நம்பர் குடுத்துக்கிட்டு இருக்கு. லேப்டாப் பிரிண்டரை எப்படித் தேடும்னா, கிளாஸ் நடுவுல நின்னு "இங்க பிரிண்டர் யாராச்சும் இருக்கீங்களா"ன்னு சத்தம் போடும். அந்த சத்தம் அந்த ரூமை விட்டு வெளில போகாது. கீழ் கிளாஸ்ல இருக்கற பிரிண்டருக்குக் கேக்கவே கேக்காது, அதனால மாடில இருந்து அதைப் பாக்கவே முடியாது.

நாட்னா என்னன்னா, வீட்டுக்குள்ள இருக்கற 192.168 நம்பருக்கு வெளில மதிப்பே இல்ல, என் வீட்லயும் அதேதான் இருக்கும் உங்க வீட்லயும் அதேதான். வெளில போறப்போ ரவுட்டர் உங்க நம்பரை எடுத்துட்டு தன்னோட நம்பரைப் போட்டு அனுப்பும். ஸ்கூல் ஆபீஸ்ல பசங்க விண்ணப்பத்தை எல்லாம் மொத்தமா ஸ்கூல் பேர்ல அனுப்பி, பதில் வந்த உடனே ரெஜிஸ்டரைப் பாத்து இது யாரோடதுன்னு பிரிச்சுக் குடுக்கறாங்கல்ல, அதேதான். உங்க வீட்ல மாடி ரவுட்டர் ஒரு தடவை மாத்துது, கீழ் பாக்ஸ் இன்னொரு தடவை மாத்துது. ரெண்டு ஆபீஸ், ரெண்டு ரெஜிஸ்டர். அதுதான் டபுள் நாட். நெட் பாக்கறதுக்கு அதால தொந்தரவு இல்ல, அதனாலதான் வீடியோ நல்லா ஓடுது.

பாபு தம்பி சொன்ன மாதிரி வயரை மட்டும் மஞ்சள் போர்ட்டுக்கு மாத்தினா ரெண்டு கிளாஸும் ஒண்ணாயிரும், அது சரிதான், ஆனா மாடி ரவுட்டரும் சீட்டு குடுத்துக்கிட்டே இருக்கும். ஒரே கிளாஸ்ல ரெண்டு டீச்சர் சீட்டு குடுத்தா என்ன ஆகும்? மாடி ரவுட்டர்கிட்ட சீட்டு வாங்கின ஃபோன், வாசல் 192.168.0.1னு நினைச்சு அங்க போய் நிக்கும், அங்க வெளில போற வழியே இருக்காது. ஒரு ஃபோன்ல நெட் வரும், இன்னொரு ஃபோன்ல வைஃபை முழு கோடு காட்டி நெட் வராது, ரீஸ்டார்ட் பண்ணா மாறி மாறி வரும். தம்பி வீட்ல எப்படி ஓடுதுன்னா, அவரோட ரவுட்டர்ல டிஎச்சிபி ஏற்கனவே ஆஃப்ல இருந்திருக்கும்.

நீங்க செய்ய வேண்டியது இது. லேப்டாப்பை மாடி வைஃபைல போட்டு, பிரவுசர்ல 192.168.0.1 அடிச்சு, ரவுட்டருக்கு அடில ஒட்டிருக்கற பாஸ்வேர்ட் இல்லன்னா நீங்க வச்ச பாஸ்வேர்ட் போட்டு உள்ள போங்க. ஆபரேஷன் மோட்னு ஒரு எடம் இருக்கும், பெரும்பாலும் சிஸ்டம் இல்லன்னா அட்வான்ஸ்டுக்குள்ள. அதுல ஆக்சஸ் பாயிண்ட்னு தேர்ந்தெடுத்து சேவ் பண்ணா ரவுட்டர் அணைஞ்சு எரியும், அவ்வளவுதான். அந்த மோடுக்குப் போனா டிஎச்சிபியும் நாட்டும் தானா நின்னுரும், வயர் நீல போர்ட்லயே இருக்கலாம். அந்த மாதிரி மோடே இல்லாத பழைய ரவுட்டரா இருந்தா சொல்லுங்க, அதுக்கு வேற வழி இருக்கு.

தீபா_நெட்

மணி அண்ணே ரொம்ப அழகா சொல்லிருக்கீங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் திருத்தம். மாடில இருந்து பிரிண்டரை "பாக்கவே முடியாது"ன்னு இல்ல, தேடினா கிடைக்காது, அவ்வளவுதான். செல்வி மேடம், இப்பவே மாடி லேப்டாப் பிரவுசர்ல 192.168.1.7ன்னு அடிச்சுப் பாருங்க, பிரிண்டரோட பக்கம் பெரும்பாலும் திறக்கும். ஏன்னா மாடி ரவுட்டர் தன் கிளாஸ்ல இல்லாத நம்பர் எது வந்தாலும் வாசல் வழியா கீழ அனுப்பிடும், கீழதான் பிரிண்டர் இருக்கு. ஆனா திருப்பி கீழ இருக்கற ஃபோன்ல இருந்து மாடில இருக்கற லேப்டாப்பை அடிச்சா வராது, நாட் உள்ள விடாது. இது ஒரு வழிப்பாதை மாதிரி. நிரந்தரத் தீர்வு அண்ணன் சொன்ன ஏபி மோட் தான்.

கேமரா கேள்விக்கு வரேன். ஐபிவி4ங்கற பழைய முறைல உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி நம்பர்தான். உலகப் பொதுக் கையிருப்புல இருந்த கடைசி நம்பர் கட்டுகளை 2011 பிப்ரவரியிலேயே பிரிச்சுக் குடுத்து முடிச்சாச்சு. அதனால பல நெட் கம்பெனிங்க ஒரே வெளி நம்பரை நிறைய வீடுகளுக்குச் சேர்த்துக் குடுக்கறாங்க, இதுக்கு சிஜிநாட்னு பேரு, மணி அண்ணன் சொன்ன ஸ்கூல் ஆபீஸ் தெருவுக்கே ஒண்ணு இருக்கற மாதிரி. பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா வர்ற உங்க வெள்ளை பாக்ஸோட செட்டிங்ஸ் பக்கத்துல வேன் ஐபின்னு, அதாவது வெளிப்பக்கத்துக்கான ஐபின்னு, ஒரு நம்பர் காட்டும். அது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்கன்னு அர்த்தம், அப்ப போர்ட் ஃபார்வர்டிங்னு, அதாவது வெளில இருந்து வர்றதை நேரா கேமராவுக்கு அனுப்பற வழின்னு, யார் சொல்லிக் குடுத்தாலும் வேலைக்கு ஆகாது, நேரம்தான் போகும். 10ல, இல்ல 172.16ல இருந்து 172.31க்குள்ள ஆரம்பிச்சாலும் அதே கதைதான், அதுவும் வெளி நம்பர் இல்ல.

ஆனா அதுக்காக உடனே ஸ்டாடிக் ஐபிக்கு, அதாவது உங்களுக்குன்னே மாறாம இருக்கற வெளி நம்பருக்கு, காசு கட்டாதீங்க. இப்ப வர்ற வைஃபை கேமரா பெரும்பாலும் தானே வெளில போய் கம்பெனி சர்வர்ல சேர்ந்துக்கும், உங்க வீட்டுக்காரர் ஃபோனும் அதே சர்வருக்குப் போகும், ரெண்டும் அங்க சந்திச்சுக்கும். உள்ள வர்றதுக்குத்தான் தடை, வெளில போறதுக்கு இல்ல. கேமராவோட ஆப்பை அவர் ஃபோன்ல போட்டு, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாக்கச் சொல்லுங்க. வந்துச்சுன்னா உங்களுக்கு ஸ்டாடிக் ஐபி தேவையே இல்ல.

டியூஷன் பசங்களுக்கு வைஃபை பாஸ்வேர்ட் குடுக்கறீங்களா? அப்படின்னா அவங்க ஃபோன் எல்லாம் உங்க கேமராவும் பிரிண்டரும் இருக்கற அதே கிளாஸ்லதான் வந்து உக்காரும். கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கும், தனிப் பேரு, தனி பாஸ்வேர்ட், அதுல சேர்றவங்களுக்கு இன்டர்நெட் மட்டும்தான், வீட்டுச் சாமான் தெரியாது. ஆனா ஏபி மோடுக்கு மாத்தின பிறகு சில ரவுட்டர்ல இந்தப் பிரிவு சரியா வேலை செய்யாது, கெஸ்ட்ல சேர்ந்தாலும் பிரிண்டர் தெரியும். ஒரு ஃபோனை கெஸ்ட்ல போட்டு 192.168.1.7 அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பசங்களுக்குக் குடுங்க. செக்யூரிட்டில டபிள்யூபிஏ2 இல்ல டபிள்யூபிஏ3 இருக்கட்டும், பாஸ்வேர்ட் அடிக்காமலே சேர விடற டபிள்யூபிஎஸ் பட்டன் வசதிய ஆஃப் பண்ணிடுங்க, ரவுட்டர் உள்ள போற பாஸ்வேர்ட் அட்மின்னே இருந்தா இன்னைக்கே மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டும் ரவுட்டர் பாஸ்வேர்டும் வேற வேற, நிறைய பேர் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க.

டியூஷன்_செல்வி (கரூர்)

மணி அண்ணா, தீபா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரோல் நம்பர் எமிஸ் நம்பர்னு சொன்ன உடனே எனக்கு பளிச்னு புரிஞ்சுடுச்சு. தீபா சொன்ன மாதிரி 192.168.1.7 அடிச்சேன், மை எவ்வளவு இருக்குன்னு காட்டற பக்கம் வந்துச்சு! இத்தனை நாள் அது எட்டற தூரத்துலயே இருந்திருக்கு.

அப்புறம் ஆபரேஷன் மோட்ல ஆக்சஸ் பாயிண்ட் போட்டு சேவ் குடுத்தேன். ரவுட்டர் அணைஞ்சு எரிஞ்சுது. நெட் வருது. ஆனா இப்ப 192.168.0.1 அடிச்சா பக்கம் திறக்கவே மாட்டேங்குது, திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்துட்டேன். கெடுத்துட்டேனா? கை நடுங்குது, ரீசெட் ஓட்டைல குத்தலாமான்னு பின்னைக் கைல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கேபிள்_மணி (ஈரோடு)

பின்னைக் கீழ வைங்க டீச்சர், குத்தினா எல்லாம் பழையபடி ஆயிரும், மொதல்ல இருந்து செய்யணும். ஒண்ணும் கெடல. இவ்வளவு நாள் மாடி ரவுட்டர் டீச்சரா இருந்துச்சு, அதனால அதோட நம்பர் நிலையா 192.168.0.1. இப்ப அதுவும் கீழ் கிளாஸ்ல ஒரு மாணவன், கீழ் பாக்ஸ்கிட்ட சீட்டு வாங்கிருக்கும். பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு கீழ் பாக்ஸுக்குள்ள போங்க, டிஎச்சிபி கிளையண்ட் லிஸ்ட் இல்லன்னா கனெக்டட் டிவைசஸ்னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல மாடி ரவுட்டர் பேரும் பக்கத்துல அதோட புது நம்பரும் இருக்கும். பேரு தெரியலன்னா ரவுட்டர் ஸ்டிக்கர்ல இருக்கற மேக் நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, கடைசி எழுத்து ஒண்ணு ரெண்டு மாறி இருந்தா பயப்படாதீங்க, ஒரே ரவுட்டர்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மேக் இருக்கும்.

அங்க இருக்கும்போதே இன்னொரு வேலையும் செஞ்சுருங்க. அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்கும், சிலதுல ஸ்டாடிக் டிஎச்சிபின்னு இருக்கும். அதுல பிரிண்டரோட மேக் நம்பரையும் 192.168.1.7ஐயும் சேர்த்துப் பதிஞ்சு விடுங்க. இல்லன்னா டிஎச்சிபி சீட்டுக்கு ஒரு கெடு உண்டு, லீஸ்னு சொல்லுவாங்க, நாலு நாள் பிரிண்டரை அணைச்சு வச்சிருந்து போட்டீங்கன்னா வேற நம்பர் குடுத்துரும், அப்புறம் லேப்டாப் பழைய நம்பருக்கே பிரிண்ட் அனுப்பிட்டு ஆஃப்லைன்னு சொல்லும். பிரிண்டர் திடீர்னு ஆஃப்லைன்னு காட்டுதுன்னு புலம்பறவங்க வீட்ல எல்லாம் இது ஒரு முக்கியமான காரணம்.

வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழயும் மேலயும் ஒரே மாதிரி எழுத்துக்கு எழுத்து வச்சுருங்க, ஃபோன் படி ஏறும்போது தானா மாறிக்கும். சேனல்னு ஒண்ணு இருக்கும், அலைக்குள்ள ஒரு தடம் மாதிரி, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கீழ 1, மேல 6 இல்ல 11 வைங்க, இந்த மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாதது. 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும் ஆனா மெதுவு, மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைலதான் ஓடறதால அதை ஓட்டறப்ப பக்கத்துல வைஃபை தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ஒரு கான்கிரீட் தளம் வந்தாலே சோர்ந்துரும். உங்க மாடிக்கு கேபிள் இழுத்தது நல்ல முடிவுங்க, நிறைய பேரு எக்ஸ்டெண்டர்னு சுவத்துல சொருகறதை வாங்கிடறாங்க, அது கேக்கறதையும் திருப்பிச் சொல்றதையும் ஒரே அலைலயே செஞ்சா வேகம் கிட்டத்தட்ட பாதியாயிரும்.

ஜோஸ்_நாகர்கோவில்

இடைல புகுந்து ஒரு கேள்வி கேக்கறேன், மன்னிக்கணும், எனக்கும் கிட்டத்தட்ட இதே செட்டப். 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்து ரெண்டு மாசம் ஆகுது. கீழ பாக்ஸ் பக்கத்துல ஃபோன்ல டெஸ்ட் பண்ணா 190க்கு மேல வருது, மாடில ரவுட்டர் பக்கத்துலயே உக்காந்து பாத்தாலும் சரியா 94, அதைத் தாண்டவே மாட்டேங்குது. இன்னொண்ணு, 200னு சொல்றாங்க ஆனா ஃபைல் டவுன்லோட் பண்ணும்போது 23, 24ன்னுதான் காட்டுது. ஏமாத்தறாங்களா?

தீபா_நெட்

ஜோஸ், ரெண்டாவது கேள்வி முதல்ல. பிளான்ல சொல்றது மெகா பிட், டவுன்லோட்ல காட்டறது மெகா பைட். 8 பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். 200ஐ எட்டால வகுத்தா 25, அதுல கொஞ்சம் விலாசம் எழுதற செலவுக்குப் போயிடும், 23 24 வந்தா முழுசா வருதுன்னு அர்த்தம், ஏமாத்து இல்ல.

94ங்கற நம்பர்தான் துப்பு. ஸ்பீட் டெஸ்ட் 94, 95லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா நடுவுல எங்கயோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ்ல ஓடுதுன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். ஒண்ணு மாடி ரவுட்டரோட போர்ட்டே 100 தான், டப்பால கிகாபிட் போர்ட்னு, அதாவது 1000 எம்பிபிஎஸ்னு, போட்டிருக்கான்னு பாருங்க. வைஃபை 1200னு பெருசா அச்சடிச்சிருப்பாங்க, பின்னாடி போர்ட் 100 தான் இருக்கும், வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கணும். போர்ட் கிகாபிட்டா இருந்தா கேபிள்ல தப்பு. அது மணி அண்ணன் ஏரியா.

கேபிள்_மணி (ஈரோடு)

ஜோஸ் தம்பி, அந்த கேபிள் முனைல இருக்கற கண்ணாடி மாதிரி கிளிப், ஆர்ஜே45, அதை வெளிச்சத்துல பிடிச்சு கண்ணு கிட்ட வச்சுப் பாருங்க. கிளிப்போட நாக்கு அடிப்பக்கம் இருக்கணும், தங்கக் கலர் முள்ளு உங்களைப் பாத்து இருக்கணும். உள்ள எட்டு கம்பி வரிசையா தெரியும். இடது பக்கத்துல இருந்து வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டும் முனை வரைக்கும் வந்து சுவத்துல முட்டின மாதிரி இருக்கணும், எட்டு முள்ளும் கம்பில கடிச்சிருக்கணும்.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6ங்கற நாலு கம்பியே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலத்துலயோ பிரவுன்லயோ ஒரு கம்பி முனைக்கு எட்டலன்னா கேபிள் செத்துப்போகாது, பேசாம 100க்கு எறங்கிரும், லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. அதுதான் இந்தத் தப்புல மோசமான விசயம். கேபிள் மேல கேட்5ஈ இல்ல கேட்6ன்னு அச்சடிச்சிருக்கா பாருங்க, கேட்5ஈயே 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் தாங்கும், வீட்டுக்கு தாராளம். காப்பர்னு கேட்டு வாங்கணும், அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசினதுன்னு மலிவா வரும், மடக்கினா பொட்டுனு உடையும், நான் யார் வீட்டுக்கும் போடறதில்ல.

டியூஷன்_செல்வி (கரூர்)

மணி அண்ணா, பட்டியல்ல மாடி ரவுட்டர் இருந்துச்சு, 192.168.1.9. அதை அடிச்ச உடனே பக்கம் திறந்துச்சு. பிரிண்டருக்கும் ரிசர்வேஷன் போட்டுட்டேன், மேக் நம்பர்ல ஒரு 8ஐ பின்னு தப்பா அடிச்சு ஒரு தடவை சேவ் ஆகல, அப்புறம் ஆயிடுச்சு. மாடில இருந்து முக்கோணவியல் டெஸ்ட் பேப்பர் 14 காப்பி அனுப்பினேன், கீழ பிரிண்டர் ஓடற சத்தம் படிக்கட்டு வழியா மேல வரைக்கும் கேட்டுச்சு. பசங்களே ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாங்க.

கேமரா தீபா சொன்ன மாதிரியே, அவர் மொபைல் டேட்டாலயே வாசல் தெரியுதாம். வேன் ஐபி பாத்தேன், 100.82ன்னு ஆரம்பிக்குது, அப்ப நாங்க அந்த சிஜிநாட்ல இருக்கோம். ஸ்டாடிக் ஐபி வாங்கல. கெஸ்ட் நெட்வொர்க்கை மாடில போட்டு ஒரு பையன் ஃபோன்ல 192.168.1.7 அடிச்சா பிரிண்டர் பக்கம் வந்துடுது, நீங்க சொன்னதேதான். அதை ஆஃப் பண்ணிட்டு கீழ் பாக்ஸ்லயே கெஸ்ட் போட்டேன், அதுல சேர்ந்தா பிரிண்டர் தெரியல, ஆனா சிக்னல் மாடிக்கு ஒரு கோடுதான். இதுக்கு எதாவது வழி இருக்கா?

தீபா_நெட்

உங்க கீழ் பாக்ஸ் அந்தப் பிரிவை கேபிள் வழியா மேல அனுப்பாது மேடம், அதுக்கு ஒரே கேபிள்ல ரெண்டு கிளாஸைத் தனித்தனியா அனுப்பற விலான்னு ஒரு வசதி ரெண்டு பக்கமும் வேணும், வீட்டு ரவுட்டர்ல ரொம்ப குறைவு. உங்களுக்கு நடைமுறைல நான் சொல்றது, பசங்களுக்கு பாஸ்வேர்ட் குடுக்காதீங்க, வீடியோ உங்க லேப்டாப்புல போட்டுக் காட்டுங்க. கட்டாயம் குடுக்கணும்னா மாடி கெஸ்ட்டையே வச்சுக்கிட்டு பிரிண்டருக்கும் கேமராவுக்கும் நல்ல பாஸ்வேர்ட் வச்சுடுங்க, மாசம் ஒரு தடவை கெஸ்ட் பாஸ்வேர்டை மாத்துங்க.

சேலம்_பாபு

மணி அண்ணா சொன்னப்புறம் போய்ப் பாத்தேன், எங்க ரவுட்டர்ல டிஎச்சிபி ஆஃப்ல தான் இருக்கு, போட்டுக் குடுத்த பையன் செஞ்சிருக்கான், எனக்கு அது தெரியாது. செல்வி சிஸ்டர் சாரி, அரைகுறையா சொல்லிட்டேன்.

ஜோஸ்_நாகர்கோவில்

மாடி முனைல பிரவுன் கம்பி பாதி தூரத்துலயே நிக்குது, முள்ளு சும்மா பிளாஸ்டிக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. கடைத்தம்பி வந்து வெட்டிட்டு புது கிளிப் அடிச்சுக் குடுத்தான். ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல லேன் ஸ்பீட் 1000ன்னு காட்டுது, டெஸ்ட்ல 192.